எருமை பேசிய தமிழ்

காஞ்சிபுரம் டெலிபோன் ஆபீசில் ஊர்க்காரர்களுக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்துவிட்டுக் காது வலியோடு வருவாள் லில்லி. வந்ததும் அக்கா மேரியின் பிள்ளைகளுக்குக் கதை சொல்லியாக வேண்டும். தாமல் ஏரியைத் தேடிப் போகும் எருமையின் கதை அப்படிப் பிறந்ததுதான். எதிரில் வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி, "இன்னாபா, ஏரில தண்ணி இருக்குதா?" என்று கேட்கும் அந்த எருமை. பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரிப்பார்கள்.

அதை எழுதி, சென்னையில் இளங்கோவன் என்ற பதிப்பாளருக்கு அனுப்பினாள். எழுபத்தொன்றில் புத்தகம் வந்தது. ஆசையாகப் பிரித்தால், "ஐயா, ஏரியில் நீர் உள்ளதா?" என்று கேட்கிறது எருமை. லில்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுதிய கடிதம் எதற்கும் பதில் இல்லை. மறு வருஷம் தில்லியிலிருந்து தந்திதான் வந்தது. குழந்தை நூலுக்கான தேசிய விருதாம். தூய நடைக்குத் தனிப் பாராட்டாம்.

கணவன் சாமுவேல் தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தான். "ஊரே சந்தோஷப்பட்டுக்கினு இருக்குது, நீ மட்டும் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு இருக்கிறியே?"

"பரிசு குடுத்தது அந்தப் பதிப்பாளரு எருமைக்குங்க. என்னுதுக்கு இல்ல."

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாராட்டு விழா வைத்தார்கள். லில்லி புத்தகத்திலிருந்து வாசித்தாள். பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்கள். ஒரு பல்கூடத் தெரியவில்லை. பெரியவர்கள் கைதட்டினார்கள்.

மறுநாளே சென்னைக்கு டிரங்க் கால் போட்டாள். "அடுத்த பதிப்புலயாவது நான் எழுதனத அப்படியே போடுங்க சார்."

"விருது வாங்கிய நூல் அம்மா. இனி ஓர் எழுத்தைக்கூடத் தொடக்கூடாது."

நேரே நூலகத்துக்குப் போனாள். தன் புத்தகத்தை எடுத்து மேசையில் விரித்து, எருமை வாய் திறந்த இடத்திலெல்லாம் மையால் அடித்துத் திருத்த ஆரம்பித்தாள். பாதி முடிவதற்குள் நூலகர் குமாரவேல் வந்து நின்றார்.

"இன்னாமா இது? லைப்ரரி புஸ்தகத்துல கிறுக்கிக்கினு இருக்கீங்க?"

"நான் எழுதன புஸ்தகம் சார் இது."

"எழுதனது யாரா வேணா இருக்கட்டும்மா. கிறுக்கனது நீங்கதானே?"

அவளுடைய உறுப்பினர் அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்.

அடுத்த கதை கேட்டு இளங்கோவன் பிறகு இரண்டு முறை காஞ்சிபுரத்துக்கே வந்தார். லில்லி காபி கொடுத்தாள். கதை கொடுக்கவில்லை.