அப்பா பெயரில் ஏழு கதைகள்

சிதம்பரத்திலிருந்து ஒரு கல்லூரிப் பேராசிரியர் அழைத்தபோது நான் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் கதைகள் அத்தனையும் ஒரே தொகுப்பாக அச்சாகி வந்துவிட்டனவாம். ஞாயிற்றுக்கிழமை வெளியீட்டு விழா. குடும்பத்தின் சார்பில் நான் பத்து நிமிடம் பேச வேண்டும். "நீங்க வந்தாத்தான் சார் நெறைவா இருக்கும்" என்றார். முப்பது வருடமாக இந்த நிறைவைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஆண்டுக்கு ஒரு கருத்தரங்கு, ஒரு படத்திறப்பு, ஒரு நினைவுப் பேருரை. என் பீரோவின் கீழ்த்தட்டு முழுக்கப் பொன்னாடைகள். உடுத்த முடியாது, போர்த்த முடியாது. ஒன்றை எடுத்துச் சமையல் மேடையைத் துடைத்துப் பார்த்தேன். தண்ணீரை இழுக்கவே இல்லை.

எங்கள் வீட்டில் எழுத வராதவன் நான் ஒருவன்தான். அப்பா நெல்லிக்குப்பத்தில் தமிழாசிரியர், கதை எழுதியவர். அண்ணன் கவிதை எழுதினான். அக்காவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். நான் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் முப்பத்து நான்கு வருடம் அமிலத்தை அளந்தவன். அவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டதால் மேடையில் நான் உட்கார்கிறேன். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். சர்க்கரை ஆலை இருக்கிற ஊரிலேயே பிறந்தும் என் பிழைப்பு இலுப்பைப்பூப் பிழைப்பு.

இந்த முறை எனக்குப் போகவே பிடிக்கவில்லை. காரணம் முழங்கால் அல்ல. அந்தத் தொகுப்பின் கடைசி ஏழு கதைகள் அப்பா எழுதியவை அல்ல. அக்கா எழுதியவை. உயிரோடு இருப்பவர்களில் அது தெரிந்த ஒரே ஆள் நான். முதலில் தெரிந்திருக்க வேண்டிய அவள் மகள் சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கிறாள். அவளுக்கு இன்றுவரை தெரியாது. ஆடி மாதம் பேராசிரியர் அச்சுப்படியை எனக்கு அனுப்பித் திருத்தித் தரச் சொன்னார். உட்கார்ந்து ஒற்றுப்பிழைகளை எல்லாம் சுழித்துக் கொடுத்தேன். இருந்த ஒரே பெரிய பிழையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

எங்கள் வீட்டில் கதை உருவாகும் முறை அப்படிப்பட்டது. அப்பா பென்சிலால் எழுதுவார். பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கம், அவருக்கே மறுநாள் புரியாத கிறுக்கல். அதைப் படித்து, மசிப் பேனாவால் முழுத்தாளில் அழகாகப் படி எடுப்பது அக்காவின் வேலை. பன்னிரண்டு வயதிலிருந்து, கல்யாணமான பிறகும், அவள்தான் செய்தாள். படி எடுத்ததும் பென்சில் தாள் வெந்நீர் அடுப்புக்குப் போய்விடும். ஒருமுறை நான் எடுத்து வைக்கப் பார்த்தேன். "புள்ள பொறந்த பின்னாடி தொப்புள்கொடிய எவனாவது பொட்டியில வெப்பானா?" என்று பிடுங்கி அடுப்பில் போட்டார். அதனால் அப்பாவின் கையெழுத்தில் ஒரு கதைகூடக் கிடையாது. கல்லூரிக் கண்ணாடிப் பெட்டியில் 'ஆசிரியரின் கைப்பிரதி' என்று வைத்திருப்பதெல்லாம் அக்காவின் கையெழுத்து. எது அவருடையது, எது அவளே எழுதியது என்று எந்த ஆராய்ச்சியாளர் வந்தாலும் பிரிக்க முடியாது.

முதலில் போனவன் அண்ணன். கரும்பு அரவைக் காலத்தில் சாலையோரம் டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும், பின்னால் விளக்கு இருக்காது. பொழுது சாய்கிற நேரத்தில் அப்படி ஒன்றில் சைக்கிளோடு போய் மோதினான். முப்பது முடியவில்லை. அவன் சட்டைப்பையில் முடிக்கப்படாத கவிதை ஒன்று இருந்ததாக ஒரு பெரிய எழுத்தாளர் கட்டுரை எழுதினார், படித்தவர்கள் எல்லாம் அழுதார்கள். பையில் இருந்தது ரேஷன் கார்டு. மண்ணெண்ணெய் வாங்கப் போனான். அதைச் சொன்னால் கூட்டத்தில் யாருக்கும் பிடிப்பதில்லை, அதனால் நானும் சொல்வதை விட்டுவிட்டேன்.

அடுத்த வருடம் அம்மா போனாள். அப்புறம் நாங்கள் கடலூர் முதுநகருக்கு வீடு மாறி வந்தோம். வந்த ஆறாவது மாதம் அப்பாவுக்குப் பக்கவாதம். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. அக்கா அப்போது சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் புருஷன் துபாய்க்குப் போனவர் முதலில் பணத்தை நிறுத்தினார், பிறகு கடிதத்தையும் நிறுத்தினார். இரண்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவள் அப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்தாள். வந்தவள் திரும்பிப் போகவில்லை.

நான் வேலை முடிந்து வந்தால் வாசலிலேயே சட்டையைக் கழற்றச் சொல்வாள். "கம்பெனி நாத்தம் புள்ள மேல படக் கூடாதுடா." உள்ளே அப்பாவின் கட்டிலுக்குக் கீழே பாயில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பாள். படி எடுக்க ஒன்றும் இல்லாத நாளில் என்ன எழுதுகிறாள் என்று நான் கேட்கவில்லை. கை பழகிப்போச்சு, சும்மா இருக்காது என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் எனக்கு அறிவு.

ஒருநாள் சென்னையிலிருந்து பத்திரிகை ஆசிரியர் ஒருவர் அப்பாவைப் பார்க்க வந்தார். கட்டிலில் அப்பா கிடந்த கோலத்தைக் கண்டு பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். அப்போதுதான் பாயில் கிடந்த தாள்களைப் பார்த்தார். எத்தனையோ வருடமாக அவருக்குத் தபாலில் வந்த அதே கையெழுத்து. இரண்டு பக்கம் நின்றபடியே படித்தார். முகம் அப்படியே மாறிவிட்டது. "இன்னும் எழுதுறாரா?" என்று என்னைத்தான் கேட்டார். அக்கா சமையல்கட்டு வாசலில் நின்று வேண்டாம் என்று தலையாட்டினாள்.

நான் சொன்னேன்: "ஆமா சார். அப்பா கண்ணால கொஞ்சங்கொஞ்சமா சொல்றாரு. அக்கா எழுதிக்கிறாங்க."

ஏன் சொன்னேன் என்று எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். ஒரு நல்ல மனிதர் அவ்வளவு சந்தோஷப்பட்டதைக் கெடுக்க மனம் வரவில்லை. அப்பா முடிந்துபோய்விட்டார் என்று என் வாயால் சொல்லவும் முடியவில்லை. இதெல்லாம் நான் பிற்பாடு கோத்துக்கொண்ட சமாதானம். அந்த நிமிடத்தில் அந்தத் தாளில் இருந்தது அக்காவின் கதையாக இருக்கும் என்றே எனக்குத் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் கதை என்றால் அப்பாவுடையது. அக்கா என்றால் கையெழுத்து.

அவர் போனதும் அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். "ஏண்டா அப்படிச் சொன்ன?" என்று மட்டும் கேட்டாள். தாள்களை எடுத்து அடுக்கிக்கொண்டே, "சரி வுடு. அப்பா பேர்ல வந்தாத்தான் படிப்பாங்க. எனக்கு எழுதுனா போதும்" என்றாள். போதாது என்பது அவள் குரலிலேயே தெரிந்தது. நான் தெரியாதது மாதிரி சாப்பிட உட்கார்ந்துவிட்டேன்.

நான்கு வருடத்தில் ஏழு கதைகள் வந்தன. வாய் பேச முடியாதவர் கண்ணசைவால் கதை சொல்கிறார், மகள் புரிந்து எழுதுகிறாள் என்று நாடெங்கும் பேச்சு. பார்க்க ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொருவரிடமும் அப்பா தன் இடது கையைத் தூக்கி அக்காவைக் காட்டுவார். காட்டிவிட்டுத் தன் நெஞ்சில் தட்டி, இல்லை என்று தலையாட்டுவார். கண்ணில் நீர் வழியும். வந்தவர்கள் கைகூப்பி, "மகள் பண்ற பணிவிடைய நெனச்சு உருகுறாரு" என்பார்கள். அவர் தலையணையில் தலையை முட்டிக்கொள்வார். படுக்கையில் கிடந்த மனிதர் தன்னால் முடிந்த மட்டும் உண்மையைச் சொன்னார். கைகால் நன்றாக இருந்த நான்தான் சொல்லவில்லை.

அந்த ஏழில் ஒன்று காய்ச்சல் கதை. ஒரு தாய், காய்ச்சலில் கிடக்கிற தன் பெண்குழந்தையை நாள் முழுக்க மடியில் வைத்திருப்பாள். உலை பொங்கி வழியும், வாசலில் யார் யாரோ கூப்பிடுவார்கள், அவள் எழுந்திருக்க மாட்டாள். அவ்வளவுதான் கதை. 'ஓர் ஆண் தாய்மையை இத்தனை ஆழமாக எழுதிவிட முடியுமா' என்று இன்றும் மேடைக்கு மேடை வியக்கிறார்கள். முடியாது ஐயா, முடியவில்லை என்று சொல்ல எனக்கு நாக்கு நுனிவரை வரும்.

அக்காவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி, பத்தியம் என்று மூன்று வாரம் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது டாக்டர் என்னைத் திட்டினார். வயது முப்பத்திரண்டு. கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாப்பா பெரிசானா அவளுக்கு மட்டும் சொல்லிடுடா. ஊருக்கு வேணாம். அவளுக்குச் சொல்லு" என்றாள். சொல்கிறேன் என்றேன். அப்பா அதற்கப்புறம் நாற்பது நாள்கூட இருக்கவில்லை.

ஆறு வயதுப் பிள்ளையை அவளுடைய அத்தை வந்து சிதம்பரத்துக்கு அழைத்துப் போனாள். பத்து வயதில் சொல்லலாம் என்று இருந்தேன், சின்னப் பிள்ளை. அந்த ஏழில் ஒரு கதை பள்ளிப் பாடத்தில் வந்தது, இப்போது சொன்னால் குழம்பிப்போவாள். அந்த ஏழு கதைகளின் பழைய தொகுப்புக்குப் பரிசு வந்தது, ஊர் சிரிக்கும். அப்புறம் அவள் கல்யாணம், அப்புறம் என் ஓய்வு. தள்ளிப்போடுகிறவனுக்குக் காரணமா பஞ்சம்? சொல்லப்போனால் எனக்கு அலுப்பாக இருந்தது. இந்தக் குடும்பத்தைச் சுமந்து சுமந்து எல்லாவற்றிலும் ஓர் அலுப்பு வந்துவிட்டது. அதோடு பயமும்.

ஞாயிற்றுக்கிழமை பேருந்தில் ஏறினேன். தொழிற்பேட்டை ஓரத்துக் குடிகாடு வரும்போது வழக்கமான ரசாயன வாடை ஜன்னல் வழியாக அடித்தது, பக்கத்தில் இருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கு உறைக்கவில்லை. சிதம்பரத்தில் மண்டபத்து வாசலில் அக்கா மகள் நின்றுகொண்டிருந்தாள். "வாங்க மாமா, மெலிஞ்சுட்டீங்க" என்று பையை வாங்கிக்கொண்டாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "புக்க பாத்தேன் மாமா. முன்னுரையில எங்கம்மா பேரு எங்கியும் இல்ல. படி எடுத்தவங்கன்னு ஒரு வரி போட்டிருக்கலாம். அடுத்த பதிப்புலயாவது போடச் சொல்லுங்களேன்" என்றாள்.

ஒரு வரி. அதைக்கூடக் கெஞ்சிக் கேட்டாள். உள்ளே போய் உட்கார்ந்த எனக்கு யார் என்ன பேசினார்கள் என்று காதில் விழவில்லை.

என் முறை வந்ததும் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டேன். ஊருக்கு வேண்டாம் என்றுதான் அக்கா சொன்னாள். தனியாகச் சொல்ல இத்தனை வருடம் துணிச்சல் வராதவனுக்கு அன்று ஊர் தேவைப்பட்டது. "கடைசி ஏழு கதையும் எங்கப்பா எழுதல. எங்கக்கா எழுதினது. அப்பா கண்ணால சொன்னாருன்னு சொன்னது நான். அது பொய்." இவ்வளவுதான் பேசினேன்.

கூட்டம் என்னையும் பேராசிரியரையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு கைதட்டினார்கள். சிலர் எழுந்து நின்று தட்டினார்கள். நன்றி சொல்ல வந்த பேராசிரியர் ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார். "தந்தையின் எழுத்தைத் தன் எழுத்தாகவே வாழ்ந்த மகளுக்கு ஒரு தம்பி செலுத்திய காணிக்கை இது. அவர் வேறு, இவர் வேறு அல்ல என்று எவ்வளவு நயமாகச் சொல்லிவிட்டார்!" என்றார். என் தோளில் இன்னொரு பொன்னாடை விழுந்தது. இல்லை என்று நான் தலையாட்டியதைத் தன்னடக்கம் என்றார்கள். அப்பா ஏன் தலையணையில் முட்டிக்கொண்டார் என்று அந்த மேடையில் நன்றாகப் புரிந்தது.

மூன்றாவது வரிசையில் அக்கா மகள் மட்டும் கைதட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

கூட்டம் கலைந்ததும் பேருந்து நிலையம் வரை என்னோடு நடந்து வந்தாள். கடலூர் வண்டி நிற்கும் இடத்தில் ஒரு சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்தோம். புத்தகத்தை மடியில் வைத்திருந்தாள்.

"நெசமா மாமா?"

"நெசம்மா."

"ஒங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"மொதல்லேர்ந்து. பொய் சொன்னதே நான்தானே."

"அம்மா ஒண்ணுமே சொல்லலியா?"

"ஒனக்குச் சொல்லச் சொல்லிட்டுத்தான் போனா. பெரிசானதும் சொல்லுன்னா."

"எனக்கு நாப்பது ஆவுது மாமா."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. அம்மாவின் முகம் அவளுக்கு ஒரு கல்யாண போட்டோ வழியாகத்தான் தெரியும், குரல் நினைவில்லை, மடி நினைவில்லை. இருந்ததை எல்லாம் இந்த ஏழு கதைக்குள் வைத்துவிட்டு அக்கா போயிருந்தாள். நான் அதை வேறு பெயரில் பூட்டி வைத்திருந்தேன். கடலூர் வண்டி வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. நான் எழுந்திருக்கவில்லை.

புத்தகத்தில் காய்ச்சல் கதையைத் தேடி எடுத்தாள். படிக்கவில்லை, பக்கத்தின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"இதுல வர்ற கொழந்த?"

"நீதான். மூணு நாள் ஒன்ன எறக்கவே இல்ல. நான் பாத்தேன்."

பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "பதினொண்ணாவதுல எனக்கு இது துணைப்பாடம் மாமா. பரீட்சைக்காக மனப்பாடமே பண்ணேன். அந்தக் கொழந்த மேல எனக்கு அவ்ளோ பொறாமையா இருக்கும்."