இரண்டாவது குழியின் காற்று

நீரோட்டம் பார்த்துச் சொல்கிறவனுக்குப் போர் போடுகிற நாளில் மரியாதையாக நாற்காலி போடுவார்கள், உட்காரத்தான் முடியாது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தவர்களுக்கு என் பாடு புரியும். ஊரில் செல்போன் வராத வருஷங்களில், ஓடைப்பட்டியில் வெள்ளைச்சாமி என்பவரின் திராட்சைத் தோட்டத்தில் நான் பட்ட பாடு இது.

மாவு

பந்தலில் காய் பட்டாணி அளவுக்கு வந்திருந்தது. கிணறு வற்றிவிட்டது. அறுக்கும்வரை தண்ணீர் கிடைக்காவிட்டால் காய் மட்டுமல்ல, கொடியே போய்விடும். தரையில் கம்பிகளை ஊன்றி, கரண்டு விட்டு, மீட்டரைப் பார்த்து வடக்கு மூலையைக் காட்டினேன்.

ஆற்றங்கரை மணல் என்றால் தண்ணீர் எல்லாப் பக்கமும் ஊறி நகரும். எங்கே தோண்டினாலும் என் பெயர் கெடாது. இது மேட்டுக்காடு. மேலே கொஞ்சம் மக்கின பாறை, அதில் லேசான கசிவு. கீழே முழுக்கக் கரும்பாறை. அதில் வெடிப்பு இருந்தால்தான் தண்ணீருக்குப் போக்குவரத்து. நானூறு அடி வரைக்கும் வெள்ளைத் தூசிதான் பறந்தது. நான் போர் வண்டியை எத்தனை சுற்றுச் சுற்றினேனோ! கடைசியில் திருச்செங்கோட்டுக்கார டிரில்லர் மிஷினை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "இன்னும் நூறு அடி போனாலும் இதே மாவுதானுங்க சார்."

நின்ற தண்ணீர்

நாலாம் நாள் வெள்ளைச்சாமி எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டார். "சார், குழியில தண்ணி நிக்குது!" பஸ் சின்னமனூர் வருவதற்குள் பத்துத் தடவை எழுந்து உட்கார்ந்தேன். குழியில் கல்லைப் போட்டால் 'தொப்'பென்று கேட்கத்தான் செய்தது.

விசாரித்தால், மோட்டாருக்கு முதலில் தண்ணீர் ஊற்றி ஓட்டுவதுபோல, குழிக்கும் ஊற்றினால் இழுத்துக்கொண்டு வரும் என்று டிராக்டர் டேங்கர் ஒன்றை அப்படியே கவிழ்த்திருக்கிறார். வெடிப்பில்லாத பாறை எவர்சில்வர் டம்ளர் மாதிரி. ஊற்றியது போகாது, புதிதாக வராது. எரிச்சலில் கத்திவிட்டேன். அவர் மனைவி ராசாத்தி குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஊத்துனதயாச்சும் திருப்பித் தருமா சார்? கொடிக்கு ஊத்தியிருப்பேன்ல."

காற்று

அந்தக் கேள்வி என்னை இருக்கவிடவில்லை. கூப்பிடாமலே போய் மறுபடி கம்பி ஊன்றி, கிழக்கு வரப்போரம் காட்டினேன். அங்கே போட்ட இரண்டாவது குழியில் இருநூறு அடியில் தூசி நின்றது, சேறு வந்தது, பிறகு தண்ணீர் பீய்ச்சியடித்தது. வெள்ளைச்சாமி சட்டையோடு நனைந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதே நேரம் வரப்புக்கு அந்தப் பக்கமிருந்து அவர் தங்கை மாரியம்மா முகமெல்லாம் சேறாக ஓடிவந்தார். குழிக்குள் நாங்கள் செலுத்திய கம்ப்ரசர் காற்று அவர் தோட்டத்துப் போர் வழியாகக் கிளம்பி, சேற்றை வாரி அடித்திருக்கிறது. இரண்டு குழியும் ஒரே வெடிப்பில் இருக்கின்றன. இவர் இழுத்தால் அங்கே குறையும். "புதுத் தண்ணி காட்டுவீகன்னு பாத்தா, எங்க தண்ணிக்கு வழி காட்டிட்டீகளே சார்" என்றார்.

வெள்ளைச்சாமி டிரில்லரிடம் மூடியை வாங்கிக் குழாய்மேல் வைத்தார். மாரியம்மா அண்ணனின் பந்தலைப் பார்த்தார், தன் பந்தலைப் பார்த்தார், முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "கழட்டுண்ணே. காய் அறுக்குற மட்டும் ஓட்டிக்க. அதுக்கு மேல ஒரு நா ஓடுச்சு, நானே வந்து வயர அறுத்துப்பிடுவேன்."

இப்போதெல்லாம் கம்பி ஊன்றுமுன் பக்கத்துத் தோட்டம் யாருடையது என்று கேட்டுக்கொள்கிறேன். தங்கச்சியுடையது என்றால் ஊன்றுகிறேன், அண்ணன் தம்பியுடையது என்றால் பஸ் ஏறிவிடுகிறேன்.