சீட்டில் இருந்த மூன்று எழுத்து

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் அம்பத்தூர் வாடகை நூல் நிலையத்தில் எடுத்த கதைப் புத்தகங்கள்தான். சரித்திரமும் வைத்தியமும் எனக்கு அங்கிருந்துதான் வந்தன. சரித்திரக் கதைகளில் இளவரசனுக்கு வாள்வெட்டு விழும், பாலில் விஷம் கலப்பார்கள். ஆனால் சளி பிடிக்காது. சமூகக் கதை என்றால் எப்படியும் ஒரு வியாதி உண்டு. அந்த வியாதியை டாக்டர் நோயாளியிடம் சொல்லவே மாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், லேசாகச் சிரிப்பார், இங்கிலீஷில் ஏதோ எழுதுவார். கதாநாயகனுக்கு அது தெரிய வருவதற்குள் இருபது அத்தியாயம் போய்விடும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் தற்காலிக ஆளாக லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். எங்களில் சிலரை நிரந்தரம் செய்யப் போவதாகச் சொல்லி, கம்பெனி டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் கொடுக்கும் சீட்டை வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஆபீசில் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

வியாழக்கிழமை போனேன். டாக்டர் நெஞ்சிலும் முதுகிலும் குழாயை வைத்துக் கேட்டார், நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சீட்டில் என் பெயருக்குக் கீழே மூன்றே எழுத்து எழுதி, லேசாகச் சிரித்து, என்னிடம் கொடுத்தார். N.A.D. என்று இருந்தது.

அப்போது எனக்கு இருமல் இருந்தது. பட்டறையில் யாருக்கு இல்லை என்று யோசிக்கத் தோன்றவில்லை. மூன்று எழுத்தும் என்னவாக இருக்கும் என்று ராத்திரி முழுக்கக் கணக்குப் போட்டேன். டி என்றால் டெத், இல்லாவிட்டால் டிசீஸ். டி-யில் ஆரம்பிக்கிற நல்ல வார்த்தை எனக்குத் தெரிந்து டாக்டர் ஒன்றுதான். தன் பெயரையே அவர் எழுதிக்கொள்ள மாட்டார் அல்லவா.

மறுநாள் பக்கத்து லேத்தில் வேலை செய்த மண்ணூர்பேட்டைச் சிநேகிதனிடம் சீட்டைக் காட்டினேன். அவன் சீட்டிலும் அதே மூன்று எழுத்து இருந்ததா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அவன் தன் சீட்டைக் காலையிலேயே பார்க்காமல் ஆபீசில் கொடுத்துவிட்டிருந்தான்.

"இதுக்கா மூஞ்ச தொங்க போட்டுகினுகீற? நாடின்னு போட்டுகீறாரு மச்சான். நாடி பாத்தாரில்ல?"

"நாடிய இங்கிலீசுல அப்படியா எழுதுவாங்க?"

"அவரு இன்னாத்த வேணா எழுதட்டும். போயி குட்த்துட்டு வா. செத்தா கம்பெனி செலவுல மால போடுவாங்க."

சாயங்காலம் ஆபீஸ் வாசல்வரை போனேன். கொடுத்தால் வேலை போய்விடும் என்று பட்டது. டாக்டரிடமே திரும்பிப் போய்க் கேட்டால் ஆபீசுக்குத் தெரிந்துவிடும். சீட்டைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பூந்தமல்லிக்குப் பஸ் ஏறினேன். அங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ராணுவத்திலிருந்து வந்த கம்பவுண்டர் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். என்னை அங்கே யாருக்கும் தெரியாது. கதைகளில் ஒற்றன் காஞ்சியில் குதிரை ஏறினால் அடுத்த அத்தியாயத்தில் கடற்கரையில் இறங்குவான். எங்கள் பஸ் ஆவடிக்கே முக்கி முனகித்தான் போயிற்று. ஆவடி என்பதே ராணுவ வண்டி டிப்போவின் இங்கிலீஷ் எழுத்துகளைக் கூட்டி வைத்த பெயர் என்று ஒருவர் முன் சீட்டில் சாதித்துக்கொண்டிருந்தார். டிப்போ வருவதற்கு முன்னாலும் அது ஆவடிதான் என்று இன்னொருவர் மறுத்தார். ஓர் ஊரையே எழுத்துக்குள் ஒளித்து வைக்கலாம் என்றால் ஒரு வியாதியை ஒளிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று நான் நினைத்துக்கொண்டேன். பூந்தமல்லியில் ஒரு காலத்தில் நோய்ப்பட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களைக் கப்பலேற்றும்வரை தங்க வைத்திருந்தார்களாம். அதுவும் அன்றைக்குப் பார்த்து ஞாபகம் வந்தது.

கம்பவுண்டர் பாய் சிவப்பு மிக்சரைப் புட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தார். கூட்டம் கரையும்வரை நின்று சீட்டை நீட்டினேன். பெயர் இருந்த இடத்தை மடித்துவிட்டிருந்தேன்.

"தெரிஞ்சவரு ஒருத்தருக்கு பாய். இன்னா வியாதின்னு சொல்லணும்."

"தெரிஞ்சவருக்கு இன்னா வயசு?"

"இருவத்தாறு."

"இருமல் கீதா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது.

"கீது போல," என்றார் பாய். சீட்டை வெளிச்சத்தில் பிடித்தார். "நத்திங் அப்நார்மல் டிடெக்டட். ஒடம்புல ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். தெரிஞ்சவர போயி வேலய பாக்க சொல்லு."

"ஒண்ணும் இல்லன்னா இன்னாத்துக்கு பாய் எழுதணும்?"

"எழுதலன்னா பாக்கவேல்லன்னு ஆயிடும் நைனா. பட்டாளத்துல ஆயிரம் பேருக்கு எழுதறத நான் பாத்துகீறேன். வழிய வுடு, பின்னால ஆளு நிக்கிது."

திரும்பி வரும்போது பஸ்ஸில் சன்னல் ஓரம் கிடைத்தது. ஆயிரம் பேரில் ஒருவருக்காவது தப்பாக எழுதியிருக்க மாட்டார்களா என்ற எண்ணம் ஆவடிவரை கூட வந்தது. பிறகு தூங்கிவிட்டேன்.

திங்கட்கிழமை மணி அடிப்பதற்கு முன்பே ஆபீசில் நின்றேன். குமாஸ்தா சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"வெள்ளிக்கெழம கேட்டா திங்கக்கெழம வர்றியே. லிஸ்ட்டு சனிக்கெழமயே போயிட்சுப்பா. அடுத்த லிஸ்ட்டுல பாக்கலாம்."

அடுத்த பட்டியல் வர எட்டு மாதம் ஆயிற்று. மண்ணூர்பேட்டைக்காரன் அதற்குள் நிரந்தரமாகி, கம்பெனிச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் பிறகு லீவு கேட்டாலும் பதவி உயர்வு வந்தாலும் எப்போதும் அவனுக்குப் பின்னால்தான் என் பெயர் வந்தது. அவன் அதைச் சொல்லிக் காட்டியதில்லை என்று எழுதினால் பொய்யாகும். "இன்னா சீனியர் நாடி," என்று சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடுவான். மற்றவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

பழைய சீட்டு செல்லாது என்று என்னை மறுபடியும் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். இந்தத் தடவை வேறு டாக்டர். சிரிக்கவில்லை. சீட்டில் ஒரே ஒரு வார்த்தை எழுதினார்: ஃபிட். முதல் டாக்டர் ஒன்றும் இல்லை என்று எழுதியதை இவர் ஏன் எழுதவில்லை என்பது எனக்குப் புரியவில்லை. நேராக ஆபீசுக்கு நடந்து, குமாஸ்தா கையில் கொடுத்துவிட்டு, அதன் பிறகுதான் அதைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கினேன்.