ஆறுக்கு அடுத்தது எட்டு

எங்கள் பதுளைக் கந்தோருக்குக் கம்ப்யூட்டர் வந்தது எண்பதுகளின் நடுவில், ஒரு மழை நாளில், உருளைக்கிழங்கு லொறியில். கொழும்பில் கிழங்கை இறக்கிவிட்டு வெலிமடைக்குத் திரும்பிய லொறி, பதுளை வரை வந்து இரண்டு பெட்டிகளைப் போட்டுவிட்டுப் போயிற்று. ஊவாத் தேயிலைத் தோட்டங்களின் தினசரி அறிக்கைகள் வந்து சேரும் கந்தோர் அது. பூட்டு ஒழுங்காக வேலை செய்த ஒரே அறையைப் பெரிய கிளாக்கர் அந்த இயந்திரத்துக்கு ஒதுக்கினார். உள்ளே போகிறவர்கள் செருப்பைக் கழற்ற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. எல்லோரும் கழற்றினார்கள்.

அதற்குப் புரோகிராம் எழுத இருவர். ஒருவர் பஜார் தெருவில் புடவைக் கடை வைத்திருந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். கொழும்பில் ஆறு மாதம் படித்துவிட்டு வந்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல், கந்தோரில் எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். மற்றவன் நான். மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கிளாக்கராக இருந்துகொண்டு, கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்கு மூன்று வருடம் செய்தி அனுப்பியவன். தட்டச்சு தெரியும் என்பதற்காக என்னைத் தற்காலிகமாகக் கீழே பதுளைக்கு அழைத்திருந்தார்கள்.

அந்தத் ‘தற்காலிகம்’தான் என் கவலை. என் மனைவி பதுளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. கல்யாணமாகி இரண்டு வருடம், சனிக்கிழமை பகல் பஸ்ஸில் வந்து ஞாயிற்றுக்கிழமை பகல் பஸ்ஸில் திரும்பிப் போகும் கணவனாக இருந்தேன். மழையில் பாதை உடைந்தால் அதுவும் இல்லை. இப்போதுதான் ஒரே வீட்டில் குடியிருந்தோம். பெரிய கிளாக்கர் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார்.

“அடுத்த மாசக் கடைசியில கொழும்பு ஐயா வந்து பாப்பாரு. ஓடலைன்னா மெசினு அப்புத்தளைக் கந்தோருக்குப் போயிரும். நீங்க மடுல்சீமைக்குப் போயிருவீங்க.”

இயந்திரத்தின் ஞாபகம் சிறியது. முழுப் புரோகிராமையும் ஒன்றாக விழுங்காது. ஆகவே ஆள் வரவுக்கு ஒரு பகுதி, கொழுந்து நிறைக்கு ஒரு பகுதி, உரத்துக்கு ஒன்று, மழையளவுக்கு ஒன்று என்று துண்டு துண்டாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எட்டு எழுத்துக்கு மேற்படாத ஒரு பெயர் வைக்க வேண்டும். பெயர் வைக்கும் பொறுப்பை முதலில் நானா எடுத்துக்கொண்டார். முதற்பகுதிக்கு ‘நியூ’ என்று வைத்தார். அதைத் திருத்தியபோது ‘நியூ-டூ’. நன்றாக ஓடியதும் ‘குட்’. அதையும் திருத்தியபோது ‘குட்-நியூ’.

“கடையில புதுசு எண்டு எழுதி மாட்டினாத்தானே தம்பி ஆக்கள் எட்டிப் பார்ப்பாங்க.”

“போன பெருநாளுக்கு மாட்டின புதுசு இன்னும் தொங்குதே நானா.”

“அது வேற புதுசு.”

மூன்றாவது வாரம், ‘நியூ’வைவிட ‘குட்’ பழையதா, ‘குட்-நியூ’வில் இருப்பது உரமா மழையா என்று அவருக்கே தெரியவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, மழையளவை ஆள் வரவின் மேல் எழுதி, நான்கு நாள் வேலையை ஒரு விசையில் அழித்தார். பெரிய கிளாக்கர் அறைக்குள் வந்து, இருவரையும் பார்த்து, “இனிமே பேரு வைக்கிறது இவரு” என்று என்னைக் காட்டிவிட்டுப் போனார்.

எனக்குத் தெரிந்த ஒழுங்கு ஒன்றுதான், தோட்டத்து ஒழுங்கு. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு எண் இருக்கும். எண்ணைச் சொன்னால் போதும், அங்கே யார் இருக்கிறார்கள் என்று தபால்காரர் முதல் மருந்துக்காரர் வரை அறிவார்கள். பகுதிகளுக்கு லயம் ஒன்று, லயம் இரண்டு என்று பெயர் வைத்தேன். எல்லாவற்றையும் வரிசையாகக் கூப்பிட்டு வேலை வாங்கும் தலைமைப் பகுதிக்குப் பெரட்டு என்று வைத்தேன். தோட்டத்தில் விடியற்காலை ஆட்களைப் பேர் சொல்லிப் பிரித்து வேலைக்கு அனுப்பும் இடத்தின் பெயர் அது. பட்டியலை ஒரு பழைய காலண்டரின் பின்பக்கத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

“நாலாம் லயத்துல ஆரு ஈக்கிறது எண்டு மெசினுக்கு எப்படித் தெரியும்?” என்றார் நானா.

“உரம். சுவத்துல இருக்கு பாருங்க.”

“உரத்துக்கு உரம் எண்டே வெச்சா என்ன குத்தம்?”

குற்றமில்லைதான். ஆனால் அப்போது அப்படி ஒத்துக்கொள்ள நான் தயாராக இல்லை. பெரட்டை அவர் எழுதினார், லயங்களை நான் எழுதினேன். ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் ஓடின.

தலைமைக் கந்தோரிலிருந்து வந்த கொழும்பு ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். செருப்பை அல்ல, நாடா கட்டிய சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

“எல்லாத்தையும் ஒருமிக்க ஓட்டிக் காட்டுங்கோ.”

நானா விசையை அழுத்தினார். ஒன்று ஓடியது. இரண்டு ஓடியது. ஆறு முடிந்ததும் இயந்திரம் நின்று, ஏழாம் லயம் என்று ஒரு கோப்பே இல்லை என ஆங்கிலத்தில் அறிவித்தது.

கொழும்பு ஐயா திரையைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

“உதென்ன? ஆறுக்குப் பிறகு எட்டோ? ஏழு எங்கை?”

நானும் சுவரைப் பார்த்தேன். ஒன்று முதல் ஆறு. பிறகு எட்டு முதல் பதின்மூன்று. என் கையெழுத்துத்தான். ஒரு மாதமாக என் தலைக்கு நேராகத் தொங்கியது. எண் வந்தால் இரண்டு தடவை சரிபார்க்கும்படி பத்திரிகையில் பழக்கியிருந்தார்கள். நான் நான்கு தடவை பார்த்திருந்தேன்.

உண்மையைச் சொல்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. எங்கள் தோட்டத்தில் ஏழாம் லயம் கிடையாது. நான் பிறப்பதற்கு முன்பே ஒரு மழைக்காலத்தில் மண் சரிந்து போய்விட்டது. மிஞ்சிய லயங்களின் எண்ணை யாரும் மாற்றவில்லை. சின்ன வயதில் லயங்களை எண்ணிக்கொண்டு அந்த வழியேதான் பள்ளிக்கூடத்துக்கு நடப்பேன். நாட்களை எண்ணினால், ஆட்களை எண்ணினால் எனக்கு ஏழு வரும். லயம் என்று எழுதிவிட்டு எண்ணினால் கை ஆறிலிருந்து எட்டுக்குப் போய்விடும். இதை அப்படியே சொன்னேன்.

“எங்க தோட்டத்துல மூணு இல்லைங்க” என்றார் பெரிய கிளாக்கர், எனக்கு உதவுவதாக நினைத்து.

கொழும்பு ஐயா நானாவிடம் திரும்பினார். “நீர் பெரட்டை எழுதேக்கை இதைக் காணேல்லையோ?”

“கண்டேன் சேர். ஏழு, கிளாக்கர் ஐயா ரகசியமாச் செய்யச் சொன்ன வேலையாக்கும் எண்டு நெனச்சேன். அதான் கேக்கல்ல.”

“நான் சாப்பிட்டிட்டு வாறன்” என்றார் கொழும்பு ஐயா. அப்புத்தளைக்கு இயந்திரத்தை ஏற்ற லொறி கிடைக்குமா என்று பெரிய கிளாக்கரிடம் கேட்டுக்கொண்டே சப்பாத்தை மாட்டினார்.

எட்டை ஏழாக்கி, ஒன்பதை எட்டாக்கி எல்லாவற்றையும் மாற்ற இரண்டு நாளாகும். என் கை விசைகளின் மேல் சும்மா கிடந்தது. நானா என்னை நகரச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

“காலி லயம் ஒண்டு கட்டுவோம். போறவன் முன்வாசலால போய்ப் பின்வாசலால வரட்டும்.”

இரண்டே வரி. ஏழாம் லயம் எதையும் செய்யாமல், வந்தவரை அப்படியே திருப்பி அனுப்பியது. கொழும்பு ஐயா திரும்பி வந்தபோது பெரட்டு ஒன்றிலிருந்து பதின்மூன்று வரை தடையில்லாமல் ஓடியது. அவர் இரண்டாம் முறையும் ஓட்டச் சொன்னார். பிறகு கேட்டார்.

“இந்த ஏழு என்ன செய்யுது?”

கடைக்காரர் மகன் தயங்கவில்லை.

“அதுக்கு இன்னம் சரக்கு வரல்ல சேர். எடம் விட்டு வெச்சிரிக்கோம்.”

கொழும்பு ஐயா சிரிக்கவில்லை. தன் குறிப்பேட்டில் நிதானமாக ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்பது பத்து நாள் கழித்து வந்த கடிதத்தில்தான் தெரிந்தது. இயந்திரம் பதுளையிலேயே இருக்கலாம். தட்டச்சுத் தெரிந்த கிளாக்கர், எஞ்சியுள்ள ஏழாம் பகுதியை எழுதி முடிக்கும் வரை பதுளைக் கந்தோரில் இருக்க வேண்டும்.

கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் கொடுத்தேன். அவள் அதைப் பள்ளிக்கூடத்துக் கட்டுரையைப் போல் ஒரு தடவை படித்து, திருப்பி முதலிலிருந்து படித்தாள்.

“இந்த ஏழை வேற யாராவது எழுதிற முடியுமா?”

“அதுல என்ன எழுதணும்னு யாருக்கும் தெரியாது.”

“உங்களுக்கு?”

“எனக்கும் தெரியாது.”

“அப்பச் சரி” என்று கடிதத்தை மடித்து, அலுமாரியில் கல்யாணப் பதிவுப் பத்திரம் இருந்த உறைக்குள் வைத்தாள்.