முடிவில்லாத சங்கிலி

ஒரு கனமான அணு. இருபுறமும் லேசான அணுக்களின் முடிவில்லாத சங்கிலி. கனமானது ஆடும், தன் ஆற்றலைச் சங்கிலிக்குள் இழந்து அடங்கும். எப்படி அடங்குகிறது என்பதைத் தோராயம் எதுவும் இல்லாமல் தீர்க்க முடிகிற குவாண்டம் மாதிரிகள் வெகு சில. அவற்றில் ஒன்றோடு நாலு வருடம் மாரடித்தேன். ஆம்பூரிலிருந்து காட்பாடியில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்குத் தினமும் ரயிலில் நின்றுகொண்டே போனேன்.

என் கணக்கில் ஆற்றல் பூஜ்யத்துக்கு விழுந்து, வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தது. குவாண்டம் நினைவு என்று எழுதினோம். ஆய்வு வழிகாட்டி தன் பெயரை முதலில் போட்டுக் கட்டுரையை ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினார். அது ஏற்கப்பட்டால்தான் நான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம். கெடு முடிய இரண்டு மாதம் இருந்தது.

ஷூ கம்பெனியில் கட்டிங் பார்க்கும் அண்ணன் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா, போனது திரும்பி வரும்னு சொல்றதுக்கா நாலு வருஷம்? எங்க கம்பெனில போன ஆர்டரும் வருமானு கேட்டு சொல்லு" என்றான்.

"உங்க மேனேஜர் மாதிரி இல்லண்ணா, இது பொய் சொல்லாது" என்றேன்.

ஆய்விதழின் மதிப்பீட்டாளர் ஒரே கேள்விதான் கேட்டிருந்தார்: சங்கிலியை இரட்டிப்பாக்கினால் திரும்பும் நேரமும் இரட்டிப்பாகிறதா?

தாளில் சங்கிலிக்கு முடிவில்லை. கம்ப்யூட்டரில் நான் போட்டது இருநூறு அணுக்கள். அலை கடைசி அணுவில் மோதித் திரும்பியிருக்கிறது, வெறும் எதிரொலி. இதே தப்புக்கு எம்.எஸ்சி. பிள்ளைகளிடம் மார்க் குறைத்தவள் நான். ஒருமுறை இருநூற்று இருபது போட்டுப் பார்த்தபோது, ஆற்றல் திரும்பி வருவதைக் காட்டும் மேடு வரைபடத்தில் கொஞ்சம் நகர்ந்தது. ஏதோ கணக்கீட்டுப் பிழை என்று மூடிவைத்தேன். அந்த மேடு எனக்கு வேண்டியிருந்தது.

நானூறு போட்டேன். நேரம் சரியாக இரட்டிப்பானது.

"நீ செக் பண்ணிருப்பேன்னு நெனச்சேன்மா" என்றார் வழிகாட்டி. முதல் பெயர் போட்டவருக்கு நினைப்பது மட்டும்தான் வேலை. "வித்ட்ரா பண்ணிடு. எக்ஸ்டென்ஷன்லாம் இனிமே கேக்க முடியாது."

திரும்பப் பெற்றேன். வீட்டில் அண்ணன் கேட்டான்: "இன்னா ஆச்சு?"

"கணக்கு தப்புண்ணா."

"சரி பண்ணி அனுப்பேன்."

"சரி பண்ணா ஆற்றல் விழும், திரும்பாது. அது நான் பொறக்கறதுக்கு முன்னாடியே எல்லாருக்கும் தெரியும். அதுல என்னுதுன்னு ஒண்ணும் இல்ல."

அவன் இந்த முறை கிண்டல் செய்யவில்லை. செய்திருந்தால் தேவலை.