பிளைண்ட் தரகர் சின்னுசாமி

சேலம் ஜில்லாவிலேயே இங்கிலீஷ் அகராதியை முழுக்க மனப்பாடம் செய்த முதல் பெண்பிள்ளை நான்தான். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். இரண்டாம் எழுத்தில் பாதி வரைக்கும் போனேன். அந்தப் பாதிக்குள் 'பிளைண்ட்' இருந்தது. மாட்டுத் தரகர் சின்னுசாமிக்கு அது போதுமானதாக இருந்தது.

சின்னுசாமிக்குக் கழுகுக் கண். அரை மைலுக்கு அப்பால் புழுதி கிளப்பி வரும் காளைக்கு எத்தனை பல் என்று சொல்லிவிடுவார். முப்பத்தாறாம் வருஷம், ஆட்டையாம்பட்டிப் பக்கத்தில் எங்கள் ஊர்ச் சந்தையில் தரகு செய்ய லைசென்ஸ் வேண்டும், அதற்குக் கண் பரிசோதனை வேண்டும் என்று உத்தரவு வந்தது. டாக்டர் இங்கிலீஷ் எழுத்துப் பலகையை மாட்டிப் படிக்கச் சொன்னார். எழுத்தறியாதவன் என்று ஒத்துக்கொள்ள வெட்கப்பட்ட சின்னுசாமி, பூசணிக்காய் அளவு எழுத்துக்குக்கூட வாய் திறக்கவில்லை. டாக்டர் ஒரே சொல் எழுதி முத்திரை குத்திவிட்டார்.

காகிதத்தைச் சின்னுசாமி என்னிடம் கொண்டு வந்தார். பார்வை அறவே இல்லாதவர் என்று பொருள் சொன்னேன். ஜன்னல் வைக்காத சுவரையும், போகப்போக முட்டி நிற்கும் தெருவையும்கூட அப்படிச் சொல்வதுண்டு என்று உபயோகமும் விளக்கினேன். சுவரோடு சேர்த்துவிட்டார்களே என்று வருந்தினார். ஆனால் சர்க்கார் முத்திரையை யார் மறுப்பது? அவர் மனைவி பூவாத்தாள் அன்றைக்கே அவர் கையைப் பிடித்துச் சோற்றுத் தட்டில் வைத்தாள். ஊரே வழிவிட்டது.

தரகு போனால் அடுப்பு எரியாது. திங்கட்கிழமைச் சந்தையில், சந்தையை ஏலம் எடுத்து லைசென்ஸ் கொடுக்கும் குத்தகைக்காரர் முன்னால் போய் நின்றார்.

"கண்ணில்லாதவன் எப்படிய்யா தரகு பேசுவே?"

"துண்டுக்குள்ளார யாருங்க கண்ண வெச்சுப் பேசறாங்க?"

குத்தகைக்காரர் திகைத்தார். எங்கள் பக்கத்தில் மாட்டு விலையை வாயால் சொல்வதில்லை. துண்டை மூடி, அடியில் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். சோதித்துவிடுவோம் என்று அவர் தம்முடைய கிழட்டு எருதையே விற்கச் சொன்னார். சின்னுசாமி கண்ணை இறுக மூடிக்கொண்டு துண்டுக்குள் கையை விட்டார். வெற்றிலை ஒரு வாய் மெல்லும் நேரம்தான். எருது இளங்காளை விலைக்குப் போயிற்று.

லைசென்ஸ் கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு: டாக்டர் எழுத்துக்கு மரியாதையாகச் சந்தைக்குள் கண் திறக்கக் கூடாது. திறந்தால் லைசென்ஸ் ரத்து. பார்க்காதவன் சொத்தை மாட்டைப் புகழ மாட்டான் என்று நம்பிக் கூட்டம் மொய்த்தது. பதினோரு வருஷம் கண்ணை மூடியே தரகு செய்தார். சாணி மெழுகிய தரை போலக் கிடக்கும் அந்தச் சந்தையில் ஒரு நாள்கூட அவர் சாணியை மிதித்ததில்லை.

இதை எழுதி நான் வாசித்துக் காட்டியபோது அவர் மகள் செல்லாயி பக்கத்தில் புளி ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமலே சொன்னாள்:

"மிதிச்சாருங்க அக்கா. வாரம் தவறாம மிதிச்சாரு. கண்ணு தெரியுதுன்னு கண்டுபிடிச்சு லைசென்ச புடுங்கிப்போடுவாங்கன்னு, ஓரக்கண்ணுல சாணி எங்க கெடக்குதுன்னு தேடித் தேடிப் போயி மிதிச்சாரு. காலக் களுவி உட்டது நாந்தானுங்க."