நான் எழுதிய மனுவில் என் மகன் பெயர் இல்லை

என் மகனை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கூட்டிக்கொண்டு போய்விட்டான். போனவன் வேறு யாருமில்லை, என் மனைவியின் தம்பி இரத்தினம். கிள்ளானில் சைக்கிள் கடை வைத்திருக்கிறான். போன கார்த்திகை மாதம், ஒரு சனிக்கிழமை. அன்றைக்குப் பற்றிய நெருப்பு இந்த மாசியிலும் முழுதாக அணையவில்லை. ஆனாலும் அம்மன் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் இருந்தால் நான் நன்றி கெட்டவன். அதனால் எழுதுகிறேன்.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே லயன் என்னும் வரிசை வீடுகளில் குடியிருக்கிறேன். ரயில்வே ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணி வேலை. எனக்கு ஒரே பிள்ளை, சுந்தரம். பதினெட்டு வயது. அடுத்து வந்த புதன்கிழமை அவனுக்குச் செந்தூல் ரயில்வே பட்டறையில் பயிற்சி வேலைக்கு நேர்காணல் இருந்தது. அதற்காக ஒரு வருடம் பெரியவர்களைப் பார்த்துப் பார்த்துக் கும்பிட்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் இரத்தினத்தின் சீட்டு வந்தது.

“அத்தான், மருமகனை சைக்கிள்ல சிங்கப்பூர் கூட்டிட்டுப் போறேன். நீங்க வளத்தா அவனும் கிராணியாத்தான் வருவான். ஆம்பளையாக்கித் திருப்பித் தரேன்.”

கூடவே ஒரு போட்டோ. நான்கு பேர், நான்கு சைக்கிள். இரத்தினம் நடுவில் மீசையை முறுக்கிக்கொண்டு நிற்கிறான். என் மகன் அவன் பக்கத்தில் நின்று சிரிக்கிறான்.

எங்களுக்குள் பகை புதிதல்ல. மூன்று வருடத்துக்கு முன் கிள்ளானில் ஒரு கல்யாணம். பாலத்தின் மேல் காற்று பலமாக அடித்ததால் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தேன். பந்தலில் அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால் இரத்தினம் சொன்னான்: “கிராணி அத்தானுக்கு ரெண்டு சக்கரம் பத்தாது. பிள்ளைங்களைத் தள்ளிட்டுப் போற வண்டி மாதிரி நாலு வேணும்.” பந்தலே சிரித்தது. என் மகனும் சிரித்தான். மற்றவர்கள் சிரித்ததை மறந்திருப்பேன். அவன் சிரித்ததற்கு இரத்தினத்தை நான் மன்னிக்கவில்லை.

இங்கிலீஷ் பள்ளியில் படித்தவன் என்ற கர்வம் எனக்கு உண்டு. நம் லயனுக்குப் பின்னால் இருக்கும் அம்மன் கோயிலில் சிலர் எதிரிக்குக் கேடு வரட்டும் என்று மிளகாய் அரைத்து அம்மன் கல்லில் பூசுவார்கள். அவர்களைப் பார்த்து மனதுக்குள் சிரித்தவன் நான். அந்த நான் திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில், ஆபீஸ் சட்டையைக் கழற்றி மரத்தில் மாட்டிவிட்டு, அம்மன் முன்னால் உட்கார்ந்து மிளகாய் அரைத்தேன். அரைத்துப் பழக்கமில்லை. விழுது கண்ணில் தெறித்தது, மூக்கில் ஏறியது. இரண்டு கையாலும் வாரி வாரிப் பூசினேன்.

சடையன் பூசாரி தூணில் சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். “பூசறது லேசு கிராணியாரே. கழுவணும்னா பூசின கைதான் வரணும். வேற ஆளை அனுப்ப முடியாது,” என்றார். கழுவ வரமாட்டேன் என்று சொன்னேன்.

ஆபீசில் எழுதும் முறையிலேயே ஒரு மனுவும் எழுதிக்கொண்டு போயிருந்தேன். இரத்தினம் சிங்கப்பூரைக் கண்ணால் பார்க்கக் கூடாது. போன வழியே அவமானப்பட்டுத் திரும்ப வேண்டும். யாரையெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்க வைத்தானோ அவர்களே அவனைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். இவ்வளவுதான். எழுத்து முத்து முத்தாக இருந்தது. மஞ்சள் நூலால் சூலத்தில் கட்டிவிட்டு ஆபீசுக்குத் திரும்பினேன். கை எரிந்து பேனா பிடிக்க முடியவில்லை. அந்த எரிச்சல்கூட இனிப்பாக இருந்தது.

அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது.

சாட்சி சொல்ல வந்த இடத்தில் பொய் சொல்லக் கூடாது. நான் சந்தோஷப்பட்டேன். செவ்வாய்க்கிழமை பெய்தது, புதன்கிழமையும் விடவில்லை. தகரக் கூரையில் மழை விழ விழ என் மனம் குளிர்ந்தது. இரத்தினத்தின் சக்கரம் சேற்றில் புதைவதையும், முறுக்கிய மீசை தண்ணீர் சொட்டித் தொங்குவதையும் நினைத்து நினைத்துப் பார்த்தேன். அந்த நினைப்பில் ஒருமுறைகூட என் மகன் வரவில்லை. அது எப்படி என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. புதன்கிழமை நேர்காணல் நேரம் தாண்டியபோதுகூட, இதற்கும் சேர்த்து அவன் படட்டும் என்றுதான் தோன்றியது.

வியாழக்கிழமை ஆற்றுத் தண்ணீர் கீழ் லயனுக்குள் வந்துவிட்டது. தெற்கே ரோடு பல இடங்களில் முழுகிவிட்டதாகவும், தந்திக் கம்பிகள் அறுந்துபோனதாகவும் ஸ்டேஷனில் சொன்னார்கள். மலாக்காவுக்கு அப்பால் யாருக்கு என்ன ஆனது என்று எவருக்கும் தெரியவில்லை. என் மனைவி மீனாட்சி இரண்டு நாளாகவே சரியாகச் சாப்பிடவில்லை. மத்தியானம் சோறு போட வந்தவள் என் கையைப் பார்த்தாள். விரலெல்லாம் சிவந்து தோல் உரிந்திருந்தது. மறைக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

அவள் கத்துவாள், தம்பிக்காகச் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். செய்யவில்லை. மனுவில் என்ன எழுதினேன் என்று வரி வரியாகக் கேட்டாள். சொன்னேன். கடைசி வரி முடிந்த பிறகும் இன்னும் ஏதோ வரும் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நம்ம பிள்ளை பேரு எங்கங்க எழுதியிருக்கு?”

அவ்வளவுதான் கேட்டாள். இரத்தினம் போகிற ரோட்டில்தான் என் மகனும் போகிறான். அதே மழைதான் அவன் தலையிலும் பெய்கிறது. மூன்று வரி எழுதத் தெரிந்தவனுக்கு நான்காவது வரி வரவில்லை. என்னங்க என்று அவள் மறுபடி கூப்பிடுவதற்குள் நான் மழையில் இறங்கிவிட்டேன்.

கோயிலில் முட்டளவு தண்ணீர். பூசாரி விளக்கைத் தூக்கி மேடைமேல் வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு செம்பை நீட்டினார். மேடைமேல் கூரைக்கடியில் இருந்த அந்தக் கல்லில் விழுது காய்ந்து ஒட்டியிருந்தது. தண்ணீர் ஊற்றி ஊற்றி, நகத்தால் சுரண்டிச் சுரண்டிக் கழுவினேன். உரிந்த தோலில் மிளகாய் பட்டதும் உயிர் போயிற்று. வாய்விட்டு அழுதேன். சூலத்திலிருந்து மனுவை அவிழ்த்துக் கிழிக்கப் போனபோது பூசாரி கையைப் பிடித்துக்கொண்டார்.

“மிளகாயைக் கழுவலாம். ஆத்தா படிச்சு முடிச்ச காயிதத்தை யாரு திருப்பித் தர்றது?”

எனக்கு வேறு வழி தெரியவில்லை. சட்டைப் பையில் ஆபீஸ் பென்சில் இருந்தது. அந்த மனுவின் அடியில் சுந்தரம் என்று மட்டும் எழுதினேன். மறுபடி கட்டினேன். இரத்தினத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அந்த நிலையிலும் எனக்கு அவ்வளவு தாராளம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தெற்கேயிருந்து முதல் ரயில் வந்தது. காலையிலிருந்தே நான் மேடையில் நின்றேன். இரத்தினம் மட்டும் தனியாக இறங்கினால் என்ன செய்வேன் என்பதை மனதுக்குள் முடிவு செய்து வைத்திருந்தேன். அதை இங்கே எழுத மாட்டேன். கடைசிப் பெட்டியிலிருந்து இரத்தினம் இறங்கினான். காலில் கந்தல் சுற்றியிருந்தான். மீசை தாடியோடு கலந்து முகமே தெரியவில்லை. முதுகில் என் மகன். அவன் தலை மாமன் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.

“அத்தான், அடிக்கணும்னா அப்புறம் அடிங்க. மொதல்ல டாக்டர்கிட்ட போவோம்.”

நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் ஏறியிருந்தது. இன்னும் ஒரு நாள் நனைந்திருந்தால் தன்னிடம் கொண்டுவர வேண்டிய வேலையே இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரியில் பிள்ளைக்கு நினைவு தெளிந்த பிறகுதான் நடந்தது எனக்குத் தெரிந்தது. அவனே மெல்ல மெல்லச் சொன்னான்.

திங்கட்கிழமை சாயங்காலம் மழையோடு மூவார் ஆற்றுத் துறைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். சுந்தரத்துக்கு ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே காய்ச்சல். மாமனிடம் சொல்ல வெட்கப்பட்டு மறைத்திருக்கிறான். அக்கரைக்குப் போகும் படகில் மற்ற இருவரும் ஏறிவிட்டார்கள். இரத்தினமும் ஒரு காலை வைத்துவிட்டான். அப்போது திரும்பிப் பார்த்தவன் என் பிள்ளையின் பல் கட கடவென்று அடிப்பதைக் கண்டான். வைத்த காலை எடுத்துவிட்டான். படகில் இருந்தவர்கள், தண்ணியைப் பாத்ததும் சிங்கப்பூர் சிங்கம் பூனையாயிடுச்சு என்று கூவிச் சிரித்திருக்கிறார்கள். இரத்தினம் தன்னுடைய புதுச் சைக்கிளைப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு மலாய்க்காரர் வீட்டில் விட்டுவிட்டு, என் மகனை அவன் சைக்கிளிலேயே உட்கார வைத்து, விழாமல் வேட்டியால் கட்டி, மலாக்கா வரைக்கும் அந்த மழையில் தள்ளிக்கொண்டே நடந்திருக்கிறான். இரண்டு நாள். செருப்பு சேற்றில் போய்விட்டது.

நான்கு சக்கரம் வேண்டும் என்று என்னைச் சொன்னவன், இரண்டு சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தான். இதைக் கேட்டபோது முதலில் எனக்குள் ஒரு மகிழ்ச்சி எழுந்தது. அதையும் மறைக்கவில்லை. பிறகுதான் மனு நினைவுக்கு வந்தது. சிங்கப்பூரைப் பார்க்கக் கூடாது என்று கேட்டேன், பார்க்கவில்லை. போன வழியே அவமானப்பட்டுத் திரும்ப வேண்டும் என்று கேட்டேன், திரும்பினான். அவன் திரும்பியதால்தான் என் பிள்ளை பிழைத்தான். அன்பர்களே, நான் வன்மத்தில் கேட்ட வரியை எடுத்து, கேட்கத் தெரியாத வரியை அம்மன் அதற்குள் வைத்துக் கொடுத்தாள். நான் வியாழக்கிழமை அழுது எழுதியதை அவள் திங்கட்கிழமையே முடித்துவிட்டாள்.

மூன்றாவது வரி பாக்கி இருந்தது.

மற்ற இருவரும் வெள்ளத்தில் சில நாள் மாட்டி, பிறகு கப்பலேறிச் சிங்கப்பூர் போய்விட்டார்கள். அங்கே எடுத்த அவர்களுடைய போட்டோ, கிள்ளானில் இரத்தினம் கடைக்கு எதிரே உள்ள காப்பிக் கடையில் தொங்கியது. தை மாதம் அதே கிள்ளானில் ஒரு நிச்சயதார்த்தம். அதே சொந்தக்காரர்கள். பந்தியில் எனக்கு எதிரே இரத்தினம் உட்கார்ந்திருந்தான்.

“என்னா மச்சான், சிங்கப்பூர்ல மழை எப்படி?” என்று ஒருவர் கேட்டார். “அவனுக்கு எப்படித் தெரியும் லா? மூவார்லயே அக்கா மடியைத் தேடிட்டு ஓடியாந்துட்டான்,” என்றார் இன்னொருவர். பந்தி முழுக்கச் சிரித்தது.

மூன்று வருடம் நான் காத்திருந்த சிரிப்பு அது. முதல் வாய் சோறு எனக்கு அமிர்தமாக இறங்கியது. இரண்டாவது வாய்க்கு நிமிர்ந்து பார்த்தேன். இரத்தினம் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பையனுக்கு உடம்பு முடியவில்லை, அதனால் திரும்பினேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தனை வாயும் மூடியிருக்கும். சொல்லவில்லை. இரண்டு மாதமாக எவரிடமும் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சொன்னால் அந்தச் சிரிப்பு என் மகன் பக்கம் திரும்பும். அவனும் அந்தப் பந்தியில்தான் உட்கார்ந்திருந்தான்.

கழுவணும்னா பூசின கைதான் வரணும் என்று பூசாரி சொன்னது நினைவுக்கு வந்தது. எச்சில் கையோடு எழுந்து நின்றேன்.

“ஓடியாந்தது அவரு இல்ல. என் பிள்ளையை முதுகுல தூக்கியாந்தாரு. அவரு நாசமாப் போகணும்னு அன்னைக்கு மிளகா அரைச்சவன் நான். சிரிக்கணும்னா என்னைப் பாத்துச் சிரிங்க.”

யாரும் சிரிக்கவில்லை. என் மகன் தலை குனிந்து, பிறகு நிமிர்ந்து, எனக்குக் காய்ச்சலா இருந்துச்சு, மாமாதான் கொண்டாந்தாரு என்று தானே சொன்னான். இரத்தினம் மட்டும், “உக்காந்து சாப்பிடுங்க அத்தான், ரசம் ஆறுது,” என்றான்.

சுந்தரத்துக்கு அந்த வேலை போனது போனதுதான். அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பம் எழுத வேண்டும். அதை நினைத்தால் இரத்தினத்தின் மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. இரவில் மழை பெய்தால் எழுந்து போய்ப் பிள்ளையின் மூச்சைக் கேட்டுவிட்டு வருகிறேன். ஆனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோயிலுக்குப் போகிறேன். மிளகாய் இல்லாமல் போகிறேன்.

உங்களில் யாருக்காவது மனம் எரிந்துகொண்டிருந்தால், அந்த எரிச்சலோடே அவளிடம் வாருங்கள். என்னைப் போன்றவன் கேட்டதையே அவள் தள்ளவில்லை. உங்களையும் தள்ளமாட்டாள். ஒன்று மட்டும், உங்களுக்கு வேண்டியவர்களின் பெயரை முதலில் எழுதிவிடுங்கள்.

நான் இப்போது இரண்டே வரி எழுதுகிறேன். முதல் வரியில் சுந்தரம். இரண்டாவது வரியில் இரத்தினம். அந்த இரண்டாவது பெயரை எழுதும்போது இன்னமும் விரல் கொஞ்சம் எரிகிறது. எழுதிவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.